முப்பது வயதில் தரம் ஒன்று



போன வாரம் கண்டி டவுனில், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் பழைய மாணவன் ஒருவனைக் கண்டேன். தோளில் கிட்டார். வயது முப்பது தாண்டிவிட்டது. பகலில் கட்டுகஸ்தோட்டையில் கடை வேலை. இரவில் யூடியூப் பார்த்து, கேட்டுக் கேட்டு, பத்து வருடமாக புளூஸ் வாசிக்கிறான். இப்போது ஓர் ஆசிரியரிடம் நோட்ஸ் வாசிக்கப் படிக்கிறானாம்.

"வெக்கமா ஈக்கிது சேர். பத்து வயசுப் புள்ள பக்கத்துல இருந்து கடகடன்னு வாசிக்குது. நான் கோட்ட எண்ணிட்டு ஈக்கிறேன். இதுவரை பழகினதெல்லாம் மறந்துடுங்கன்னும் சொல்லிட்டாங்க. விட்டுடலாமான்னு யோசிக்கிறேன்."

இசை கூடுமா, கூடாதா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. அதை உலமாக்களிடம் விடுகிறேன். ஒரு வாத்தியாராக, கற்றலைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில், அவன் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. பியானோவில் ஒரு சுரத்துக்கு ஒரு கட்டைதான். கிட்டாரில் முதலாம் தந்தியைச் சும்மா மீட்டினால் வரும் அதே 'ஈ' சுரம், இரண்டாம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டிலும், மூன்றாம் தந்தியின் 9ஆம் ஃப்ரெட்டிலும், நான்காம் தந்தியின் 14ஆம் ஃப்ரெட்டிலும் இருக்கிறது. தாளில் ஒரு புள்ளி, கையில் நான்கு இடம். பத்து வருடம் காதை நம்பி ஓடிய விரல் இப்போது கண்ணைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. இது மந்தபுத்தி இல்லை.

இரண்டாவது, இளையராஜாவைப் பாருங்கள். பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்தவர். அத்தனை மேடை பார்த்த பிறகுதான், 1968இல் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவனாக உட்கார்ந்தார். லண்டன் ட்ரினிட்டி இசைக் கல்லூரியின் (நமது கண்டி ட்ரினிட்டி அல்ல!) கிளாசிக்கல் கிட்டார் பரீட்சையில் தங்கப் பதக்கம் எடுத்தார். 'அன்னக்கிளி' வந்தது 1976இல். படித்ததால் கிராமத்துக் காது போய்விட்டதா? அந்தப் பாட்டுகளே பதில். 2025 மார்ச் 8ஆம் திகதி லண்டனில் அவரது சிம்பொனியை வாசித்தவர்கள் பண்ணைப்புரத்தைக் கண்டவர்கள் அல்லர். அவர்கள் முன்னால் இருந்தது அவர் எழுதிய தாள். நம் கை போகாத இடத்துக்கும் எழுத்துப் போகும். படிக்க வேண்டியது அதற்காகத்தான்.

ஆனால் தாளில் எல்லாம் இல்லை. புளூஸில் தந்தியை விரலால் வளைத்து, இரண்டு சுரங்களுக்கு நடுவில் ஓர் அழுகையை எடுப்பார்கள். அதன் சரியான அளவை ஐந்து கோட்டில் எழுத முடியாது, காதுதான் சொல்லும். ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு நோட்ஸ் வாசிக்கத் தெரியாது. அவரைவிடப் பெரிய கிட்டார் கலைஞர் யார் என்று இன்றும் வாதாடுகிறார்கள்.

ஆகவே "பழகினதை மற" என்பதை நான் ஏற்கமாட்டேன். தரம் ஒன்றுக்கு வரும் பிள்ளைக்குப் பேசத் தெரியும். அந்தப் பேச்சை வைத்துத்தான் நாம் எழுத்தைச் சொல்லிக்கொடுக்கிறோம். காதால் சூரத்துல் பாத்திஹாவைப் பாடமாக்கிய பிள்ளையும் மத்ரசாவில் அலிஃப், பேயிலிருந்துதான் ஓதத் தொடங்குகிறது. பாடமாக்கியதை மறக்கும்படி எந்த உஸ்தாதும் சொல்வதில்லை. மேசன்மாரின், மெக்கானிக்மாரின் கைத்திறனைச் சோதித்து என்.வீ.கியூ. சான்றிதழ் கொடுக்கும் முறை நம் நாட்டிலேயே இருக்கிறது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவதுதான் கற்பித்தலின் அரிச்சுவடி.

அவனிடம் சொன்னேன்: "விடாதே மகன். அடுத்த பாடத்துக்குப் போகும்போது உனக்கு நல்லாத் தெரிந்த பன்னிரண்டு பார் புளூஸை வாசித்துக் காட்டு. அதையே தாளில் எழுதித் தரச் சொல்லு. உன் கையையே நீ வாசிப்பாய்."

நம் ஊரிலும் வளர்ந்த பிறகு படிக்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். சிங்களம் எழுதப் படிக்கும் வாப்பாமார், சாதாரண தரத்தை மறுபடி எழுதும் உம்மாமார், தஜ்வீத் திருத்த வரும் அப்பாமார். அவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். சொல்லிக்கொடுப்பவராக இருந்தால், முதலில் அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள்.