கயிற்றை இழுத்தால் பந்தயம்

மோட்டார் படகுப் பந்தயம் என்றதும் கோடீஸ்வரர்களின் பொழுதுபோக்கு என்றுதான் நமக்குத் தோன்றும். 2018 நவம்பரில் அமராவதியில், கிருஷ்ணா நதியில் நடந்த ஃபார்முலா 1 படகுப் பந்தயம் அந்த எண்ணத்தை உறுதிப்படுத்தியிருக்கும். ஆனால் 1950களில் அமெரிக்காவின் ஏரிக்கரைகளில் நிலைமை வேறு. மெக்கானிக்குகளும் பள்ளி மாணவர்களும் வாரக்கடைசியில் காரின் பின்னால் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து பந்தயம் ஓட்டினார்கள். பரிசு? பெரும்பாலும் ஒரு கோப்பை.

இதைச் சாத்தியமாக்கியது படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டார். நார்வேயில் பிறந்து மில்வாக்கியில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909-ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு துடுப்புப் போட்டுத் திரும்புவதற்குள் அது உருகிவிட, அந்த எரிச்சலில் பிறந்த யோசனை என்று ஒரு கதை உண்டு. 1939-ல் கார்ல் கீக்காஃபர், விஸ்கான்சினில் நொடித்துப்போன ஒரு தொழிற்சாலையை வாங்கி, விலைபோகாமல் திரும்பி வந்திருந்த மோட்டார்களைச் சரிசெய்து விற்றார். மெர்க்குரி நிறுவனம் இப்படித்தான் ஆரம்பமானது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சூடுபிடித்த 'ஸ்டாக்' பிரிவின் விதி எளிமையானது. மோட்டார் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். எரிபொருள், ஆயில் கலந்த சாதாரண பெட்ரோல். படகு பிளைவுட். வரைபடத்தைப் பார்த்து வீட்டு ஷெட்டிலேயே செய்துகொள்ளலாம். பணம் உள்ளவனும் இல்லாதவனும் ஒரே கோட்டில் நிற்க வழி செய்தது அந்த விதி.

நிற்க என்று சொல்வதும் தவறு. இந்தப் பந்தயத்தில் யாரும் நிற்பதில்லை. கயிற்றை இழுத்து மோட்டாரைக் கிளப்பி, படகில் மண்டியிட்டபடி வட்டமடித்துக்கொண்டிருப்பார்கள். கரையிலுள்ள பெரிய கடிகாரத்தின் முள் பூஜ்யத்தைத் தொடும் கணத்தில் முழு வேகத்தில் கோட்டைக் கடக்க வேண்டும். முந்தினால் தகுதியிழப்பு. பிந்தினால் முன்னே போகிறவர்கள் வாரியடிக்கும் தண்ணீர் முகத்தில்! இயந்திரத்தின் வேகத்தைவிட ஓட்டுகிறவரின் நிதானம் ஜெயித்த இடம் அது.

பிறகு என்ன ஆனது? டூ-ஸ்ட்ரோக் மோட்டார்கள் எரிபொருளில் கணிசமான பங்கை எரிக்காமலே தண்ணீரில் கக்கின. 1996-ல் அமெரிக்க அரசு கடுமையான மாசு விதிகளை வெளியிட்டது. அது நியாயமே. எவின்ரூடைத் தயாரித்துவந்த ஓ.எம்.சி. நிறுவனம் 2000-ல் திவாலானது. பிராண்ட் கைமாறியது. 2020-ல் எவின்ரூட் தயாரிப்பே நின்றது. கடையில் கிடைக்கும் மோட்டார்தான் பந்தயத்தின் அடிப்படை என்றால், கடையில் அது கிடைக்காதபோது விளையாட்டு எப்படிப் பிழைக்கும்?

ஓரளவு பிழைக்க வைத்தது ஜப்பான். 1952-ல் அங்கே ஓமுராவில் தொடங்கிய படகுப் பந்தயம் பச்சையான சூதாட்டம். மக்கள் பணம் கட்டுவதால், யாருக்கு எந்த மோட்டார் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. அதற்காகவே தயாரான யமாட்டோ மோட்டார்களை அமெரிக்க அமெச்சூர்கள் தங்கள் பிரிவு ஒன்றில் சேர்த்துக்கொண்டார்கள்.

விளையாட்டின் மீதான ஆசையால் அமெரிக்க அமெச்சூர்கள் தேடிய சமத்துவத்தை ஜப்பானியர்கள் சூதாட்டத்துக்காகக் கறாராகக் காப்பாற்றிவைத்தார்கள். உத்தமமான நோக்கம் மட்டும் போதாது, மோட்டாரும் கிடைக்க வேண்டுமே!