கூலி போகும் நாளுக்கு யார் காப்பீடு?

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா ஆறு மாதமாக அதிக உதிரப்போக்கைப் பொறுத்துக்கொண்டிருந்தார். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை அரிசி டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைப்பது பெரிய உதவிதான். ஆனால் பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்த பிறகே அது கைகொடுக்கும். ஸ்கேன் எடுக்க அரசு மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்றோம். பிற்பகல் இரண்டுக்குத்தான் முறை வந்தது. அன்றைய நான்கு வீட்டு வேலை போயிற்று. ஒரு வீட்டில் சம்பளத்தையும் பிடித்தார்கள். “கட்டி பெரிசாயிடுச்சு, முன்னாடியே வந்திருக்கலாமேம்மா” என்றார் மருத்துவர். அக்கா தலைகுனிந்தார். எப்படி முன்னாடியே வருவார்? பெண்களுக்கான மாலை நேரப் புறநோயாளிப் பிரிவைத் தாலுகா மருத்துவமனைதோறும் திறங்கள். பரிசோதனை நாளின் கூலியையும் காப்பீட்டில் சேருங்கள்.