குடிசைகளை அளக்க இரண்டு கோலா?

ஓடைக்கரையில் 40 குடிசைகள். குழாய் இல்லை, கக்கூஸ் இல்லை, மழை பெய்தால் அடுப்பில் தண்ணீர். இது குடிசைப் பகுதியா, இல்லையா? அங்கு வாழும் தொழிலாளியிடம் கேட்டால் சிரிப்பார். சர்க்காரிடம் கேட்டாலோ இரண்டு பதில் கிடைக்கும்!

ஏற்கெனவே சர்க்கார் பதிவில் ஏறாத இடமானால், 20 குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தாலே அது குடிசைப் பகுதி என்கிறது தேசிய மாதிரி ஆய்வு. 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கோ 300 பேர், அல்லது 60, 70 குடும்பங்கள் வேண்டும் என்றது. நமது 40 குடிசைகள் ஓர் ஏட்டில் உண்டு; மற்றோர் ஏட்டில் இல்லை! குடிசைப் பகுதிகளில் சுமார் ஆறரைக் கோடிப் பேர் என்று அன்று அறிவித்த எண்ணிக்கையில் இவர்கள் சேரவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். அதே கணக்கில் பாழடைந்த வீடுகள் நூற்றுக்கு ஐந்து சொச்சம்தான். ஆனால் ஒரே அறையில் குடித்தனம் நடத்தும் குடும்பங்கள் நூற்றுக்கு 37! சுவர் நிற்கிறது; மனிதர் படுக்க இடமில்லை. எந்த எண்ணை முன்னே வைப்பது என்பதிலும் வர்க்க நலன் இருக்கிறது.

கணக்கெடுக்க வரும் ஆசிரியர் மீது குற்றமில்லை. அவர் கையில் கொடுத்த விதியில்தான் குற்றம். ஏட்டில் இல்லாதவன் குழாய் கேட்டால், "பட்டியலில் பெயர் இல்லையே" என்பது எளிது.

ஆகவே நமது கோரிக்கை: கோல் ஒன்றாக இருக்கட்டும், சிறிய குடியிருப்பும் ஏறட்டும், பட்டியலை அந்தந்தப் பகுதி மக்கள் முன் வாசிக்கட்டும். விட்டுப்போன வீட்டை மக்களே சொல்வார்கள்.