கார்டு ஒன்று... கை நாலு!

மாம்பலம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏ.டி.எம். போன வாரம் ஒரு நாள் சாயங்காலம். வரிசையில் ஆறு பேர் நின்றுகொண்டிருந்தோம். முதலில் நின்ற பையன் கார்டைச் சொருகினான். திருதிருவென்று விழித்தான். போனை எடுத்தான். "அம்மா, நம்பர் மறந்து போச்சு. சொல்லு" என்றான்.

அந்த அம்மாவுக்குக் கணீர்க் குரல். போனில் ஸ்பீக்கர் வேறு. நாலு எண்ணையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பையன் அழுத்தினான். பணம் வந்தது. போய்விட்டான். பின்னால் நின்ற ஐந்து பேருக்கும் அந்த நம்பர் மனப்பாடம். எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது!

பையனைக் குறை சொல்லவில்லை. நம்ம வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? சம்பளக் கணக்கு ஒன்று. கார்டு ஒன்று. அதை எடுத்துக்கொண்டு அப்பா போவார், அம்மா போவார், பிள்ளை போவான். அப்பாவுக்கு முட்டி வலி என்றால் எதிர்வீட்டுத் தம்பி கூடப் போவார். கார்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். நம்பர் காலண்டர் அட்டைக்குப் பின்னால் இருக்கும், பால்காரர் கணக்குக்குக் கீழே.

"குடும்பத்துக்குள்ள என்ன சார் ரகசியம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பாங்கி அப்படி நினைக்கவில்லை. கோர்ட்டும் அப்படி நினைக்கவில்லை.

பெங்களூர் வழக்கு

2013-ம் வருடம் நவம்பர் 14-ந் தேதி. பெங்களூர் மாரத்தஹள்ளியில் ஒரு பெண். பிரசவம் ஆகி வீட்டில் இருந்தார். வெளியே போக முடியாத நிலை. பணம் தேவைப்பட்டது. கார்டையும் ரகசிய நம்பரையும் கணவரிடம் கொடுத்து, 25 ஆயிரம் ரூபாய் எடுத்து வரச் சொன்னார்.

கணவர் போனார். மிஷின் சீட்டைக் கொடுத்தது. பணத்தைக் கொடுக்கவில்லை! கணக்கிலோ 25 ஆயிரம் குறைந்துவிட்டது.

புகார் செய்தார்கள். "பணம் சரியாகப் போயிருக்கிறது" என்று பாங்கி கோப்பை மூடியது. விடவில்லை அவர்கள். காமிரா படத்தை வாங்கினார்கள். பணம் வெளியே வரவில்லை என்று படத்தைக் காட்டி வாதாடினார்கள். பாங்கி தரப்பில் சொன்ன பதில் என்ன தெரியுமா? "படத்தில் கார்டுக்குச் சொந்தக்காரரான பெண்ணைக் காணோமே!" என்பதுதான்.

அந்தப் பெண் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, மிஷினில் 25 ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருந்ததாக ஒரு கணக்கையும் எடுத்து வந்தார். பாங்கி வேறு ஒரு கணக்கைக் காட்டி, கூடுதல் ஒன்றும் இல்லை என்றது. வருஷக்கணக்கில் இழுத்தது வழக்கு. 2018 மே 29-ந் தேதி நுகர்வோர் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. ரகசிய நம்பரைக் கணவரிடம் சொன்னதே தப்பு, போக முடியாவிட்டால் செக் எழுதிக் கொடுத்திருக்கலாம், அல்லது அதிகாரக் கடிதம் கொடுத்திருக்கலாம் என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டது.

எனக்கு இந்தத் தீர்ப்பில் மனம் ஒப்பவில்லை. மிஷினிலிருந்து பணம் வந்ததா, வரவில்லையா என்பதுதானே கேள்வி? பட்டனை அழுத்திய விரல் யாருடையது என்பதா கேள்வி? பச்சை உடம்புக்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு மிஷின் முன்னால் போய் நிற்க வேண்டுமாம்! இது மாவட்ட அளவில் உள்ள ஒரு மன்றத்தின் தீர்ப்புதான். எல்லாக் கோர்ட்டும் இப்படியே சொல்லும் என்று அர்த்தம் இல்லை. ஆனாலும் பாங்கிக்காரர்கள் கையில் இது ஒரு கம்பு. எப்போது வேண்டுமானாலும் எடுத்து நீட்டுவார்கள்.

ரிசர்வ் பாங்கியின் விதியும் அவர்கள் பக்கம்தான் பேசுகிறது. 2017 ஜூலை 6-ந் தேதி போட்ட சுற்றறிக்கையைப் பாருங்கள். உங்கள் தப்பும் இல்லை, பாங்கியின் தப்பும் இல்லை, மூன்றாம் ஆள் எவனோ நடுவில் புகுந்து சுருட்டிவிட்டான் என்றால், பாங்கி தகவல் தந்த 3 வேலை நாளுக்குள் நீங்கள் புகார் கொடுத்தால் போதும். உங்களுக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. நல்ல விதி. ஆனால் ரகசிய நம்பரை நீங்களே யாரிடமாவது சொல்லி, அதனால் பணம் போனால்? புகார் கொடுக்கும் நிமிஷம் வரைக்கும் போனது முழுக்க உங்கள் தலையில்.

மகனிடம் சொன்னாலும் இதேதான். மாப்பிள்ளையிடம் சொன்னாலும் இதேதான்.

சும்மா கேட்டால் கிடைக்கும்!

இதற்கு வழி இல்லையா? இருக்கிறது. வருஷக்கணக்காக இருக்கிறது. நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

கணக்கில் உங்கள் மனைவி பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாரத்தில் 'ஐதர் ஆர் சர்வைவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம், ஒருவர் காலமானால் மற்றவர் எடுக்கலாம் என்று அதற்கு அர்த்தம். அதை 'டிக்' செய்யுங்கள். பிறகு, "இரண்டாவது பெயருக்கும் ஒரு கார்டு கொடுங்க" என்று கேளுங்கள். கணக்கு ஒன்றுதான். ஆனால் கார்டு இரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி எண். ஒவ்வொன்றுக்கும் தனி ரகசிய நம்பர். அவரவர் பெயர் அவரவர் கார்டில். அம்மணி போய் எடுத்தால் காமிராவில் அம்மணி முகம் தெரியும். "யாருடைய கார்டு?" என்று எவனும் கேட்க முடியாது.

ஒரு விஷயம். 'இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும்' என்று வைத்திருக்கும் கணக்குக்குப் பொதுவாகக் கார்டு தர மாட்டார்கள். கட்டத்தைப் பார்த்து டிக் செய்யுங்கள்.

பென்ஷன்காரர்கள் சிலர், "என் பென்ஷன் கணக்கில் வேற பெயர் சேர்க்கக் கூடாதாமே" என்கிறார்கள். மத்திய சர்க்கார் பென்ஷன்காரர்கள் மனைவியோடு அல்லது கணவரோடு சேர்ந்த கணக்கிலேயே பென்ஷன் வாங்கலாம். தடை இல்லை.

"இரண்டு கார்டு என்றால் திருடனுக்கு இரண்டு வாசல் ஆச்சே?" என்று பாரிமுனையில் இரும்புக் கடை வைத்திருக்கும் என் நண்பர் கேட்டார். கேட்கிற மாதிரிதான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். இப்போது ஒரே கார்டு நாலு கையில் சுற்றுகிறது. அது தொலைந்தால் எந்தக் கையிலிருந்து தொலைந்தது என்றே தெரியாது. அதை முடக்கினால் புதுக் கார்டு வரும் வரை வீடே முடங்கும். இரண்டு கார்டு இருந்தால் தொலைந்ததை மட்டும் நிறுத்தலாம், மற்றது ஓடும்.

அதோடு, ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியாக அளவு வைக்கலாம். 2020-ல் ரிசர்வ் பாங்கி கொண்டுவந்த ஏற்பாடு இது. புதுக் கார்டு வரும்போது ஏ.டி.எம்.மிலும் கடை மிஷினிலும் சொருகி எடுக்க மட்டுமே வேலை செய்யும், அதுவும் இந்தியாவுக்குள். ஆன்லைன், வெளிநாடு, தொட்டாலே பணம் போகும் வசதி எல்லாம் மூடியே இருக்கும். வேண்டுமானால் நாமே திறக்கலாம், வேண்டாமென்றால் மூடலாம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு கட்டலாம். தொட்டுக் கட்டும் வசதியை யோசித்துத் திறவுங்கள். 2021 ஜனவரி முதல் 5 ஆயிரம் ரூபாய் வரை ரகசிய நம்பர் கேட்காமலே அதில் போகலாம் என்று ஆகிவிட்டது. ரங்கநாதன் தெரு கூட்டத்தில் பர்ஸ் போனால் தெரியும் சங்கதி!

செலவு? ஒவ்வொரு கார்டுக்கும் வருஷக் கட்டணம் தனி. அதன் மேல் ஜி.எஸ்.டி. கார்டின் வகையைப் பொறுத்துக் கட்டணம் மாறும். சாதாரணக் கார்டே போதும். விமான நிலைய ஓய்வறை வசதி உள்ள கார்டைத் தள்ளப் பார்ப்பார்கள். தாம்பரம் லோக்கலில் போகிறவனுக்கு எதற்கு அது?

ஆனால் யாரை வேண்டுமானாலும் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். பெயர் சேர்ந்தால் பணம் முழுவதையும் அவர் துடைத்து எடுக்கலாம். பாங்கி கேட்காது. கடைப் பையன் சரக்கு வாங்கப் போகிறான் என்பதற்காக அவன் பெயரைச் சேர்க்க முடியுமா? முடியாது. சேர்க்கவும் கூடாது. கடைச் செலவுக்கென்று சின்னதாகத் தனிக் கணக்கு ஒன்று வையுங்கள். தேவைப்படும் தொகையை மட்டும் அதில் போடுங்கள்.

பாங்கிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

கேட்காத வாடிக்கையாளர் தலையில் கார்டைக் கட்டக் கூடாது என்று ரிசர்வ் பாங்கி விதி போட்டிருக்கிறது. சரியான விதி. ஆனால், "இரண்டாவது பெயருக்கும் கார்டு வாங்கலாம்" என்று வாயால் சொல்லக் கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது? கவுண்டருக்குப் போனால் இன்சூரன்ஸ் பற்றி அரை மணி நேரம் சொல்கிறீர்கள். மியூச்சுவல் பண்டு பற்றிச் சொல்கிறீர்கள். இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? "ரகசிய நம்பரை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று சுவர் முழுக்க ஒட்டுகிறீர்களே, அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தால் என்ன?

கணக்கு ஒன்று, உபயோகிப்பவர் பலர் என்பது நம்ம ஊர் குடும்பத்தின் நடைமுறை. யு.பி.ஐ. நடத்துகிறவர்களே இதைப் புரிந்துகொண்டார்கள். 2024-ல் 'யு.பி.ஐ. சர்க்கிள்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் கணக்கிலிருந்து வீட்டில் இன்னொருவர் தன் போனில் கட்டலாம். வந்தபோது மாதம் 15 ஆயிரம் ரூபாய் உச்சவரம்பு. போன் உலகத்தில் வந்த புத்தி கார்டு கவுண்டருக்கு வரக் கூடாதா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. எங்கள் தெருவில் ஒருவர் காலமானார். ஆஸ்பத்திரிச் செலவு, காரியச் செலவு. மூத்த மகன் அப்பாவின் கார்டைக் கொண்டுபோய் மூன்று நாளாகப் பணம் எடுத்தான். பதினாறாம் நாள் தங்கைகள் பாஸ்புக்கைப் பார்த்தார்கள். "அப்பா போன அன்னிக்கே எடுத்திருக்கியே?" என்று ஆரம்பித்தது. அவன் ஒரு ரூபாய்கூடத் தன் பையில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் இறந்தவர் கார்டில் எடுத்தது எடுத்ததுதான். அது தப்பு. பாங்கியிலும் விளக்கம் கேட்டார்கள். இன்றைக்கும் அண்ணன் தங்கைக்குப் பேச்சு இல்லை. அந்த அம்மா பெயர் கணக்கில் இருந்து, அந்த அம்மாவிடம் ஒரு கார்டும் இருந்திருந்தால், அவர் பணத்தை அவரே எடுத்திருப்பார். ஐம்பது வருஷம் குடும்பம் நடத்திய மனுஷி, புருஷன் போன வாரத்தில் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிள்ளை முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியிருந்தது.

மிஷினில் பணம் வராமல் கணக்கில் மட்டும் குறைந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். 2019 செப்டம்பரில் போட்ட உத்தரவுப்படி, 5 நாளுக்குள் தானாகவே பணம் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளைக்கு 100 ரூபாய் வீதம் பாங்கி உங்களுக்குத் தர வேண்டும். சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். உடனே புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பாங்கியில் பதில் இல்லையா? ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். எவனாவது ஏமாற்றிச் சுருட்டிவிட்டால் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

இவ்வளவும் ஊருக்கு உபதேசமா என்று கேட்காதீர்கள். மாம்பலத்துப் பையனைப் பார்த்த மறுநாளே நானும் என் கிளைக்குப் போனேன். வீட்டுக்காரி பெயர் கணக்கில் ஏற்கனவே இருந்தது. எட்டு வருஷமாக இருக்கிறதாம். கார்டு மட்டும் இல்லை. "ஏன் இத்தனை நாளா தரலை?" என்றேன். "நீங்க கேக்கலையே சார்" என்றார் அந்தத் தம்பி. தப்பாகச் சொல்லவில்லை.

பாரத்தில் இரண்டு பேர் கையெழுத்தும் கேட்டார்கள். அவளையும் அழைத்துப் போக வேண்டியதாயிற்று. அவள் பாங்கிக்குள் நுழைந்ததே அன்றைக்குத்தான் இரண்டாம் தடவை. கார்டு நேற்று தபாலில் வந்தது. நம்பரை அவளே போய் மிஷினில் மாற்றிக்கொண்டு வந்தாள். "என்ன நம்பர் வெச்சே?" என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன். சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.