பழைய வீட்டைப் பழுதுபார்க்க யாரைக் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏற்காட்டில் நூறு வயது தாண்டிய வீடுகள் ஒவ்வொன்றாய் அழிந்து வருகின்றன. வேண்டுமென்றே இடிப்பவர்கள் சிலர். நல்ல எண்ணத்தோடு பழுதுபார்க்கப் போய்க் கெடுத்துக்கொள்பவர்களே பலர். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எப்படிச் செய்ய வேண்டும் என்று அரசு அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லையே!

1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் எங்கள் சேர்வராயன் மலையில் காபியை ஊன்றினார். அதன் பின் எழுந்தவை இங்குள்ள எஸ்டேட் பங்களாக்கள். கிரேஞ்ச் மாளிகையையும் 1853இல் கட்டிய ஹோலி டிரினிட்டி தேவாலயத்தையும் சுற்றுலா வருபவர்கள் அறிவார்கள். கடைவீதியின் ஓட்டு வீடுகளையும், தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளையும், மலையாளிப் பழங்குடியினர் ஊர்களில் எஞ்சியிருக்கும் மண்சுவர் வீடுகளையும் யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

பனியும் சாரலும் உள்ள ஊர் இது. மழையில் ஊறிய சுவர் வெயில் கண்டதும் உலர வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். கல்லிடுக்கில் இருக்கும் பழைய காரை உதிரும். சுவருக்குள் செருகியிருக்கும் உத்தரத்தின் முனை இற்றுப்போகும். சில வருடங்களில் மேஸ்திரி வந்து பார்த்து, "சுவர் போச்சுங்க, இடிச்சிட்டுப் புதுசா கட்டிக்கலாம்" என்பார். பிழைத்திருக்கக்கூடிய வீடு இப்படித்தான் சாகிறது.

எங்கள் வீட்டுச் சுவருக்காக ஓர் அரசு அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "புதுசா கட்டுறதுன்னா பிளான் கொண்டாங்க. ரிப்பேருக்கு இங்க ஒண்ணும் இல்லை" என்றார்கள். மலைப்பகுதியில் கட்டடம் கட்ட ஆயிரம் விதிகள், மலையிடப் பாதுகாப்புக் குழுமம் எல்லாம் உண்டு. இருப்பதைக் காப்பாற்ற நினைப்பவனுக்கு ஒரு துண்டுத்தாள்கூடக் கிடையாது. மரபுக் கட்டடங்களைக் காப்பதற்கான தமிழ்நாடு மரபுசார் ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தச் சட்டத்தால் எங்கள் மலைக்கு இதுவரை விளைந்தது என்ன?

புதுச்சேரி வைசியாள் வீதியில் இன்டாக் என்ற மரபுக் காப்பு அமைப்பு வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு பழைய முகப்புகளை மீட்டது. அந்தப் பணிக்கு 2008இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. அங்கே மக்கள் குடியிருந்துகொண்டே வீட்டைக் காத்தார்கள். இங்கே அது ஏன் முடியாது?

நாங்கள் கேட்பது பெரிய காரியம் அல்ல. சுவர், ஓடு, மரவேலை ஆகியவற்றை எப்படிப் பழுதுபார்ப்பது என்று படம் போட்ட தமிழ்க் கையேடு ஒன்று வேண்டும். உள்ளூர்க் கொத்தனார்களுக்குச் சுண்ணாம்பு வேலையில் பயிற்சி தர வேண்டும். விவரம் தெரிந்த பொறியாளர் ஒருவர் மாதம் ஒருநாளாவது ஏற்காடு ஒன்றிய அலுவலகத்தில் இருக்க வேண்டும். மே மாதக் கோடை விழாவுக்காக ஒவ்வோர் ஆண்டும் ஓடியாடி உழைக்கும் மாவட்ட நிர்வாகம், அடுத்த மழைக்காலத்துக்குள் இதையும் செய்து தர வேண்டும் என்று உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏற்காடு வாசகர் ஒருவர்