வீட்டு மின்சார வேலையை யார் செய்வது?

வீட்டில் மின்சார வேலை ஏதாவது வந்தால் அதை வீட்டுக்காரரே செய்துகொள்ளலாமா அல்லது கம்பியாளைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டுமா என்று நம் தோழர்களுக்குள் அடிக்கடி வாதம் நடப்பதைக் காண்கின்றோம். "இன்ன வேலையை இன்னார்தான் செய்ய வேண்டும் என்பதை எதிர்க்கும் நீங்களே, இதற்கு மட்டும் ஆள் கூப்பிடச் சொல்லலாமா?" என்று நம்மை மடக்குகின்றவர்களும் உண்டு. நாம் எதிர்ப்பது பிறப்பினால் வரும் உரிமையையே ஒழிய, கற்றுத் தெரிந்ததனால் வரும் தகுதியை அல்ல. கம்பியாளுக்குப் பழக்கமும் பரீட்சையும் உண்டு; அப்பன் கம்பியாள் என்பதற்காக மகனுக்கு யாரும் லைசென்சு கொடுத்து விடுவதில்லை.

நிற்க, சட்டமும் இவ்விஷயத்தில் மூர்க்கமாக இல்லை. 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகளில் 45-வது விதி என்ன சொல்லிற்று என்றால், பல்பு, மின்விசிறி, ப்யூஸ், சுவிட்சு முதலியவற்றை, இணைப்பின் தன்மையும் சக்தியும் மாறாமல், இருந்த இடத்திலேயே மாற்றுவதற்கு லைசென்சுக்காரர் தேவையில்லை. அதற்கு மேற்பட்ட வேலை எதுவானாலும் லைசென்சு பெற்றவர் மூலமே நடக்க வேண்டும் என்பதாகும். 2010-ல் மத்திய மின்சார ஆணையம் செய்த ஒழுங்குமுறைகளிலும் இதே ஏற்பாடு இருந்தது. இது நியாயமான எல்லை என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் அந்த எல்லையை நாமே ஒருமுறை தாண்டிப் பார்த்தோம் என்பதையும் வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகின்றோம்.

சில வருஷங்களுக்கு முன், புத்தகம் பார்த்துக் கற்ற கர்வத்தில், கொல்லைப்புற விளக்குக்கு நாமே புதிதாக வயர் இழுத்துச் சுவிட்சும் வைத்தோம். போட்டால் எரிந்தது, நிறுத்தினால் அணைந்தது. வேறென்ன வேண்டும் என்று வீட்டாரிடம் பெருமையும் பேசினோம். ஆறு மாதம் கழித்து பல்பு மாற்றுவதற்காகச் சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறி ஹோல்டரில் கை வைத்தோம். அடுத்த நிமிஷம் தரையில் கிடந்தோம். பக்கத்து வீட்டு அம்மாள் கண்திருஷ்டி என்றார். திருஷ்டியும் இல்லை, தசையும் இல்லை. ஃபேஸ் கம்பியில் வைக்க வேண்டிய சுவிட்சை நாம் நியூட்ரல் கம்பியில் வைத்திருந்தோம். அப்படி வைத்தாலும் விளக்கு அணையத்தான் செய்யும். ஆனால் ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். வேலை நடக்கிறது என்பது வேலை சரி என்பதற்கு அத்தாட்சியாகாது என்பதே மின்சாரத்திலுள்ள பெரிய மோசம்.

அப்படியானால் ஆளைக் கூப்பிட்டுவிட்டால் கவலை தீர்ந்ததா? புரோகிதரிடம் மந்திரத்துக்கு அர்த்தம் கேட்காதது போலவே, வருகின்ற கம்பியாளிடமும் நம் ஜனங்கள் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், எர்த் கம்பி இழுக்கும் செலவை மிச்சப்படுத்த, பிளக்கின் எர்த் துளையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டுக் கூலி வாங்கிப் போயிருந்தார் ஒருவர். எங்காவது நியூட்ரல் அறுந்தால் போதும், கிரைண்டரின் உடம்பு முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். வேலை செய்தவர் அப்பொழுது வேறு தெருவில் இருப்பார். ஈரக் கையோடு மாவு ஆட்டும் பெண் அல்லவோ சாவது! அவள் செத்தால் அதற்குத் தலைவிதி என்று பெயர்.

"எங்கள் வீட்டில் ப்யூஸ் இருக்கிறதே" என்பார்கள். ப்யூஸும் இப்பொழுது வைக்கும் எம்.சி.பி.யும் வயரைக் காப்பவை. மனிதனைக் காப்பவை அல்ல. மனிதனைக் காக்க வைக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி, ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் 30 பங்கு கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். விளக்குக்கு வைக்கும் 6 ஆம்பியர் எம்.சி.பி.யோ அதைப்போல் 200 மடங்கு ஓடினாலும் அது தன் அளவுதான் என்று சும்மா இருக்கும். நடுவில் ஒரு மனிதன் ஒட்டிக்கொண்டிருப்பது அதற்கு எப்படித் தெரியும்?

ஆகவே பல்பு, சுவிட்சு மாற்றுகின்றவர்கள் மெயினை நிறுத்தி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தாங்களே மாற்றிக்கொள்ளட்டும். பெண்களும் இதைக் கற்கட்டும். புது வயர், எர்த், ஹீட்டர், ஏ.சி. என்றால் லைசென்சு உள்ளவரைக் கூப்பிடட்டும். கூப்பிட்டவரிடம் லைசென்சைக் காட்டச் சொல்லவும், எர்த் எங்கே புதைத்தீர் என்று கேட்கவும் கூச்சப்பட வேண்டியதில்லை. ஹீட்டருக்கு என்ன கனத்தில் வயர் போட்டார் என்பதையும் கேட்கலாம். கோபித்துக்கொள்ளுகின்றவராயின் வேறு ஆளைப் பார்ப்பதே மேல்.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் மின்சாரம் உடனே நிற்க வேண்டும். இதற்கு எந்த லைசென்சும் வேண்டியதில்லை; மாதம் ஒரு தரம் யாரும் செய்யலாம். சென்ற வாரம் ஒரு தோழர் வீட்டில் அழுத்திப் பார்த்தோம். கருவி அசையவே இல்லை. அதன் மேல் ஆயுத பூஜைச் சந்தனம் குங்குமம் மட்டும் அழியாமல் இருந்தது. அதைப்பற்றி அவர் வீட்டாரோடு வாதம் செய்ய நேரமில்லை. முதலில் கருவியை மாற்றச் சொல்லிவிட்டு வந்தோம். மறுநாளே மாற்றிவிட்டதாகத் தகவல்.