கட்டிய வாயும் கட்டும் எலும்பும்

“என் மகன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததில் கீழ்த்தாடை இரண்டு இடங்களில் முறிந்துவிட்டது. அறுவை மருத்துவம் செய்து, மேற்பற்களையும் கீழ்ப்பற்களையும் கம்பியால் பிணைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இன்றோடு 16 நாள்கள் ஆகின்றன. கஞ்சித் தெளிவும் குளுக்கோசு நீரும் கொடுத்து வருகிறோம். 5 கிலோ இளைத்துவிட்டான். இதற்கிடையில் தவக்காலமும் வந்துவிட்டது. ‘எப்படியும் கஞ்சிதானே குடிக்கிறேன், நாற்பது நாளும் ஒருசந்தி இருந்துவிடுகிறேன்’ என்கிறான். அவனுடைய ஆச்சியும் அதற்கு ஒத்துப் பேசுகிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?” என்று கடற்கரைப் பங்கு ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்.

அம்மா, இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கக்கூடாத கடிதம் உங்களுடையது. ஆகவே அஞ்சலிலேயே சுருக்கமாக விடை எழுதிவிட்டேன். ஆயினும் இதே நிலையில் இருக்கும் வேறு குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

எலும்பு என்றதும் நாம் சுண்ணாம்பை மட்டுமே நினைக்கிறோம். உண்மையில் எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயிர்ப்பொருள். அதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நார். வீடு கட்டுவோர் முதலில் இரும்புக் கம்பியைப் பின்னிவிட்டு, பின்னர் சிமெண்டுக் கலவையைக் கொட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். உடலும் அவ்வாறே செய்கிறது. முறிந்த இடத்தில் முதலில் குருதி உறைகிறது. அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் புரத நார்களாலான மென்மையான இணைப்பு உருவாகிறது. அதன்மேல் கால்சியமும் பாஸ்பரசும் படியப் படிய அது கெட்டியாகிறது. வளர்ந்தவர்களின் கீழ்த்தாடை ஓரளவு உறுதி பெறுவதற்குப் பொதுவாக ஆறு வாரங்கள் ஆகும். முழுமையாகச் சீரடைய மாதங்கள் செல்லும்.

உங்கள் மகனுக்கு 16ஆம் நாள் என்றால், கம்பி பின்னும் வேலை மும்முரமாக நடக்கும் நேரம். அந்த நேரத்தில் அவருக்குக் கிடைப்பதோ கஞ்சித் தெளிவு! ஒரு குவளைத் தெளிந்த கஞ்சியில் இரண்டு கிராம் புரதம்கூட இராது. குளுக்கோசு நீரிலோ அறவே இல்லை. புரதம் வெளியிலிருந்து வராதபோது உடல் தன் தசையையே கரைத்துச் செலவிடுகிறது. அந்த 5 கிலோவில் கொழுப்பு மட்டும் போகவில்லை, தசையும் போயிருக்கிறது. மெல்ல முடியாதவருக்குக் குறைவாகத்தான் உணவு தேவை என்ற எண்ணம் நம் வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. வாய்க்கு ஓய்வு தரப்பட்டிருக்கிறதே தவிர, உடலுக்கு இது வேலை மிகுந்த காலம். வழக்கத்தைவிடக் கூடுதலாகவே அதற்குப் புரதம் வேண்டும்.

இனி ஒருசந்தியைப் பற்றி. திருச்சபைச் சட்டம் கட்டாயமாக்கும் ஒருசந்தி நாள்கள் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஆகிய இரண்டே. அவையும் நோயாளிகளைக் கட்டுப்படுத்துவதில்லை. ஐயமிருப்பின் பங்குத்தந்தையைக் கேளுங்கள். அவரும் இதையே சொல்வார். மகன் புகைபிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடிப்பவராயின், ஒறுத்தலாக ஒப்புக்கொடுக்க அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. புகையிலையிலுள்ள நிக்கோட்டின் நுண்ணிய குருதிக் குழாய்களைச் சுருக்கி, எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது. வெற்றிலையோடு சேரும் புகையிலைக்கும் இது பொருந்தும், ஆச்சியிடமும் சொல்லிவையுங்கள்.

சரி, எவ்வளவு புரதம்? இத்தகைய நிலையில் உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவை என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். மலைக்க வேண்டாம். ஒரு லிட்டர் பாலில் சுமார் 32 கிராம் இருக்கிறது. மூன்று முட்டையில் 18. கால் லிட்டர் தயிரில் 8. அறுபது கிராம் பாசிப்பருப்பை நன்கு குழைய வேகவைத்து மசித்தால் 14. நூறு கிராம் கேழ்வரகு மாவில் 7. ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையை விழுதாக அரைத்தால் 6. கூட்டிப் பாருங்கள், 85 ஆகிறது. இவற்றில் எதுவும் நம் அங்காடியில் கிடைக்காதது அன்று. ஒரே வேளையில் இவ்வளவும் இறங்காது. ஆறு முதல் எட்டு வேளைகளாகப் பிரித்துக் கொடுங்கள். நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் தம் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்ய வேண்டும்.

முட்டையைப் பச்சையாகப் பாலில் அடித்துக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது வேண்டாம். பச்சை முட்டையில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும்; வெந்த முட்டையின் புரதமே உடலில் நன்றாகச் சேர்கிறது. அவித்த முட்டையைச் சூடான பருப்புச் சாற்றோடு மிக்சியில் அடித்து வடிகட்டினால், முட்டை இருப்பதே தெரியாது.

கேழ்வரகுக்குத் தனியே சில வரிகள் தரவேண்டும். நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள தானியம் வேறு ஏது? ஆனால் கூழ் கெட்டியாகிவிடும், கம்பிக்குள் செல்லாது. நீர் விட்டு இளக்கினால் சத்து குறைந்துவிடும். இதற்கு நம் முன்னோர் கண்ட வழியே சிறந்தது. கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் முடிந்து முளைகட்டி, உலர்த்தி இளவறுப்பாய் வறுத்து மாவாக்குங்கள். முளைக்கும்போது தானியத்தில் தோன்றும் நொதி மாச்சத்தை உடைப்பதால், அதே அளவு மாவில் காய்ச்சிய கூழ் இளகலாகவே இருக்கும். ஒரு குவளையில் இருமடங்கு மாவு சேர்க்கலாம். குழாய் வழியே தடையின்றி இறங்கும். கால்சியம் உடலில் சேர்வதைத் தடுக்கும் பைட்டேட்டு என்னும் பொருளும் முளைகட்டுவதால் குறைகிறது.

கால்சியம் எலும்பில் சேர வைட்டமின் டி வேண்டும். முற்பகல் வெயிலில் கையும் காலும் படும்படி சிறிது நேரம் உட்காரச் சொல்லுங்கள். விபத்துக்குப் பின் முகத்தைப் பிறர் பார்ப்பார்களே என்று அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கும் இளைஞர்கள் பலர். அவர்களை முற்றத்துக்கு அழைத்து வருவதே பாதி மருந்து.

வைட்டமின் சி இல்லாமல் மேற்சொன்ன புரத நார் உருவாகாது. இதற்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. 1740 முதல் 1744 வரை ஆன்சன் என்ற ஆங்கிலக் கடற்படைத் தலைவர் உலகைச் சுற்றிவந்தார். மாதக்கணக்கில் காய்கனி காணாத மாலுமிகளை ஸ்கர்வி நோய் பற்றியது. அயர்லாந்தில் 1690இல் நடந்த பாயின் போரில் காயமுற்ற ஒரு முதியவரின் புண்கள், ஆறி ஐம்பது ஆண்டுகள் ஆன பின்னர் மீண்டும் திறந்துகொண்டன. எப்போதோ கூடிப்போயிருந்த எலும்பு முறிவும் விட்டுப்போயிற்று என்று 1748இல் வெளிவந்த அப்பயண நூல் கூறுகிறது. நமக்கோ கொய்யாவும் நெல்லிக்காயும் எளிதில் கிடைக்கின்றன. கொய்யாவை அரைத்து, விதை ஒன்றுகூட இல்லாமல் வடிகட்டிக் கொடுங்கள். புளிப்பு புண்ணில் எரிந்தால் நீர் கூட்டிக்கொள்ளலாம்.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். தாராளமாகக் கொடுங்கள்; நாவுக்குச் சுவை, உடலுக்கு நீர். ஆனால் எலும்பை எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் அதிலுள்ள கால்சியம் சாற்றில் மிகச் சிறிதளவே இறங்குகிறது. அதை நம்பிப் பாலையும் பருப்பையும் நிறுத்திவிடக் கூடாது. பிரண்டையும் அப்படியே. எலும்புக்கு நல்லது என்று வழிவழியாகச் சொல்லப்படுவது உண்மைதான்; எனினும் சரியாக வதக்காத பிரண்டை நல்ல வாயையே அரிக்கச் செய்யும்; புண்பட்ட வாய்க்கு அது எதற்கு? சில ஊர்களில் முட்டை வெண்கருவையும் உளுந்து மாவையும் குழைத்து முறிவின்மேல் பற்றுப் போடுவார்கள். அந்த முட்டையும் உளுந்தும் வெளியே பூசப்படாமல் உள்ளே போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் எண்ணுவதுண்டு.

எப்படி ஊட்டுவது? என் தம்பிக்கு இதேபோல் தாடை முறிந்தபோது, எங்கள் அம்மா பரணிலிருந்து பழைய பாலாடையைத் தேடி எடுத்தார். இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளைக்குப் பாலாடையா என்று அவன் முதலில் கண் கலங்கினான். மூன்றாம் நாள் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். பாலாடையின் மூக்கைக் கன்னத்தின் உட்புறமாக வைத்துச் சிறிது சிறிதாக ஊற்றினால், கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னுள்ள இடைவெளி வழியே உணவு உள்ளே செல்லும். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சின் முனையில் மென்குழாய் பொருத்தியும் ஊட்டலாம். உறிஞ்சுகுழலை மட்டும் மருத்துவர் அனுமதிக்கும்வரை தவிருங்கள். உறிஞ்சும் விசை புண்ணுக்கு ஆகாது. ஊட்டும்போது நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அறுவைக்குப் பின் கீழுதடு பல நாள்கள் மரத்திருப்பது உண்டு. சூடு அவருக்குத் தெரியாது. குழந்தைக்குச் செய்வதுபோல் உங்கள் மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்தே கொடுங்கள்.

இதை மட்டும் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்: கம்பியை வெட்டும் குறடு நோயாளியின் கைக்கெட்டும் இடத்தில் இரவும் பகலும் இருக்கவேண்டும். வாந்தி வந்தால் உடனே முன்புறம் குனியவைத்து, கன்னத்தை விரலால் விலக்கிவிடுங்கள். திரவ உணவாதலால் பெரும்பாலும் வெளியேறிவிடும். மூச்சுத் திணறினால் தயங்காமல் கம்பியை வெட்டி, மருத்துவமனைக்கு விரையுங்கள். எந்தக் கம்பிகளை வெட்டுவது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் இளஞ்சூடான உப்புநீரால் வாய் கொப்பளித்து, குழந்தைகளுக்கான சிறு பல்துலக்கியால் கம்பிகளைத் துலக்க வேண்டும். இடுக்கில் தங்கும் பாலும் கூழும் அழுகினால் சீழ் பிடிக்கும். சீழ் பிடித்த இடத்தில் எத்தனை முட்டை கொடுத்தாலும் எலும்பு கூடுவது கடினம். காய்ச்சல், துர்நாற்றம், கூடிவரும் வீக்கம் ஆகியவற்றில் எது கண்டாலும் குறித்த நாள்வரை காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

இன்று பல முறிவுகளுக்குத் தைட்டானியத் தகடுகளைத் திருகி வைத்துவிடுவதால் வாயைக் கட்ட வேண்டிய தேவை குறைந்துவிட்டது. அத்தகையோரும் ஆறு வாரம் வரை மெல்லாத மென்னுணவே கொள்ள வேண்டும். வாய் திறக்கிறதே என்று முறுக்கைக் கடித்துவிடலாகாது. கம்பி அவிழ்த்த பின் உங்கள் மகனுக்கும் இதே விதி. முதலில் பாலில் ஊறிய இட்லி, குழைந்த பொங்கல், பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்த சோறு. பின்னர் முள் நீக்கி உதிர்த்த மீன். வாய் முதலில் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காமல் இருக்கலாம். மருத்துவர் சொல்லும் பயிற்சியால் நாளடைவில் இளகும்.

ஒரு குறிப்பேடு வாங்கி, வாரந்தோறும் ஒரே நாளில், காலையில், உணவுக்கு முன் அவருடைய எடையைப் பார்த்து எழுதி வாருங்கள். இறங்கிய எடை நின்றுவிட்டதா என்பதை அடுத்த கடிதத்தில் தெரிவியுங்கள்.